வாசகர் கேள்வி: விருந்தினர் படகை எங்கே கட்டுவது?

கேள்வி: லங்காவியிலிருந்து நண்பர் 11 மீட்டர் பாய்மரப் படகில் சிங்கப்பூர் வருகிறார். மரீனாவில் (படகுத்துறையில்) கட்டுவதா, சாங்கியில் மிதவையில் (கடலடியோடு பிணைத்து நீரில் மிதக்க விட்ட குமிழில்) கட்டுவதா?

பதில்: முதலில் குடிநுழைவுச் சோதனை. அது முடியும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

கரையோடு கட்ட துவாஸில் ராஃபிள்ஸ் மரீனா, செந்தோசாவில் ஒன் ஃபிஃப்டீன் மரீனா உண்டு. படகின் நீளம், அகலம், நீருக்குள் இறங்கும் ஆழம் மூன்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்பி, இடத்தை உறுதி செய்யுங்கள். இங்கே பெருவற்றின்போது (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் வற்றும்போது) நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் இறங்கும்; வற்று நேர ஆழத்தைத்தான் கேட்க வேண்டும்.

மிதவை என்றால் கரைக்கு வரச் சிறுபடகு வேண்டும். காற்று லேசாக இருந்தால் நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக நெருங்குங்கள். ஒரே கயிற்றை மிதவையின் வளையத்தில் நுழைத்துப் படகிலேயே திருப்பிக் கட்டி இரவில் விடாதீர்கள். படகு அசைய அசைய, கயிறு வளையத்தில் ரம்பம்போல் இழுபட்டு அறுந்துவிடும். இரண்டு தனிக் கயிறுகளை வளையத்திலேயே முடிச்சிட்டு, படகின் முன்பக்கத்தின் இருபுறமும் தனித்தனியாகக் கட்டுங்கள். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு முழ ரப்பர் குழாயை மாட்டுங்கள். காலையில் அந்த இடத்தைக் கட்டாயம் தடவிப் பாருங்கள்.