கசியும் பிரேக் லைட் சுவிட்ச்சை அடைக்க முடியுமா?

கேள்வி: என்னிடம் 1970 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் லைட் சுவிட்ச் ஒன்றைச் சுற்றி எப்போதும் பிரேக் ஆயில் ஈரம். டெஃப்லான் டேப் சுற்றி மாட்டலாமா, எம்-சீல் பூசலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். சுவிட்ச்சை நன்றாகத் துடைத்து, மரையைச் சுற்றி ஒரு டிஷ்யூவும் ஒயர் முனைகளில் இன்னொன்றும் கட்டுங்கள். ஒருவரை ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒயர் முனைப் பக்கம் நனைந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது. ஆயிலின் அழுத்தம் அதைத் தள்ளித்தான் விளக்கு எரிகிறது. அந்த அழுத்தத்துக்கு மேல்பூச்சு எதுவும் நிற்காது. பூச்சுக்கு அடியிலேயே ஆயில் ஒயருக்குள் ஏறும். சுவிட்ச்சை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டுமே நனையாமல் மேலிருந்து வழிந்தால் சுவிட்ச்சின் மேல் தப்பில்லை. ரிசர்வாயரிலிருந்து (பிரேக் ஆயில் தொட்டி) வரும் குழாய் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பான் இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் ஆயில் சிலிண்டரில் வழிந்து சுவிட்ச்சில் வந்து சொட்டும். பலர் இதைப் பார்க்காமலேயே புது சுவிட்ச் வாங்குகிறார்கள்.

மரையில் கசிந்தால்: இது எம்10x1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி) கூம்பு மரை, அதாவது நுனி நோக்கிக் குறுகுவது; உலோகத்தோடு உலோகம் நெருக்கித்தான் அடைபடும். வாஷர் கிடையாது. டேப் சுற்றினால் துணுக்கு பிய்ந்து ஆயிலோடு போய் சிலிண்டரின் நுண்துளையை அடைக்கும். மரை வழுக்குவதால் அளவு தெரியாமல் இறுக்கி, வார்ப்பிரும்பில் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாலே பல நேரம் நின்றுவிடும். நேர்மரை (குறுகாத மரை) சுவிட்ச்சை யாராவது மாட்டியிருந்தால் எத்தனை இறுக்கினாலும் நிற்காது. சிலிண்டரின் மரையும் கெடும்.

மாற்றும்போது ரிசர்வாயரை நிரப்பி, மூடியின் காற்றுத் துளையை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒழுக்கு குறையும். புது சுவிட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கழற்றுங்கள். புதியதை விரலால் ஏற்றி, ஆயில் குமிழியின்றிக் கசியத் தொடங்கியதும் ஸ்பானரால் இறுக்குங்கள். துளையின் டேப்பை மறக்காமல் எடுத்துவிட்டு, பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசையில் ஏர் எடுங்கள் (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள்). பெயின்டில் பட்ட ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

உங்கள் வண்டியில் இரண்டு சுவிட்ச்கள். எது வேலை செய்தாலும் விளக்கு எரியும் என்பதால், ஒன்றின் ஒயரைக் கழற்றி மற்றதைத் தனியாகச் சோதியுங்கள்.

கேள்வி: புது சுவிட்ச் சில மாதங்களிலேயே செத்துப்போகிறதே?

பதில்: 21 வாட் பல்ப் இரண்டு, 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். இத்தனையும் சின்ன கான்டாக்ட் வழியே போய் அதைத் தீய்க்கிறது. பெடலைப் பலமாக மிதித்தால்தான் விளக்கு எரிகிறது என்றால் அதுதான் அறிகுறி. சாதாரண 12 வோல்ட் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்றை இடையில் போடுங்கள். சுவிட்ச் ரிலே சுருளை மட்டும் இயக்கட்டும்.