மகனின் கல்லூரிப் பணத்தை மோர்கன் வெள்ளி டாலரில் போடலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன், வயது 46. மகனோடு ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து இருவருக்கும் மோர்கன் வெள்ளி டாலர் என்ற பழைய அமெரிக்க நாணயத்தின் மேல் ஆசை பிடித்துவிட்டது. அவன் கல்லூரிக்குப் போக இன்னும் 6 வருடம் இருக்கிறது. அதற்காகச் சேர்த்த 30,000 டாலரை எம்எஸ்-66, எம்எஸ்-67 கிரேடு (புழங்காத நாணயத்துக்கு 60 முதல் 70 வரை போடும் தர எண்) நாணயங்களில் போட்டால் நல்ல லாபம் வரும் என்கிறார் ஒரு டீலர். செய்யலாமா?

பதில்: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். ஆசையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பை இருக்கட்டும்.

மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம். 90 சதவீதம் வெள்ளி என்பதால் உள்ளே இருப்பது சுமார் 24 கிராம். புத்தம் புதிதாக மின்னும் எம்எஸ்-67லும் அதே 24 கிராம்தான். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு அந்த 67 என்ற எண்ணுக்கான விலை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? அச்சான டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டினார்கள். ஒரு பை கிட்டத்தட்ட 27 கிலோ. தூக்கிப் போடும்போதெல்லாம் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் இடித்தது. அடுத்த கண்காட்சிக்கு ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். ஒரே வருடத்து 64ஐயும் 67ஐயும் விளக்கடியில் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். வண்டிச் சக்கரம் போல ஒளி சுற்றிவரும். 64இல், நாணயத்தில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணின் கன்னத்தில் நகம் பட்டது போல நாலைந்து தழும்பு தெரியும். 67இல் கன்னம் வழுவழுவென்று இருக்கும். உங்கள் மகன் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வான். அந்த அழகு பொய்யில்லை. ஆனால் 66க்கும் 67க்கும் நடுவில் இருப்பது கிரேடு போடுபவர்களின் கண். விலையோ பல மடங்கு தாவும்.

அபூர்வத்திலும் இரண்டு விதம் உண்டு. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை மொத்தமே 1,00,000. அது தேய்ந்திருந்தாலும் அபூர்வம்தான். 1881இல் அதே ஊரில் 1.27 கோடிக்கு மேல் அச்சானது, அச்சும் சுத்தம். அந்த வருடத்து நாணயம் கிரேடால் மட்டுமே அபூர்வமாகிறது. நாணயத்தைச் சோதித்து, கிரேடு போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கியவை. மேலும் மேலும் நாணயங்கள் சோதனைக்கு வர வர 67 வாங்கியவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போகும். டீலர் உங்களுக்குக் காட்டியது எந்த விதம் என்று கேளுங்கள்.

எண்ணிக்கை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 1903ஆம் வருட நியூ ஆர்லியன்ஸ் டாலரே சாட்சி. கிடைக்கவே கிடைக்காது என்று பெயர் வாங்கி, விலைப்பட்டியலில் 1,500 டாலர் வரை போனது. 1962 கடைசியில் அரசு கஜானாவிலிருந்து அதே நாணயம் பை பையாக வெளியே வந்தது. சில பத்து டாலருக்கு இறங்கிவிட்டது. 1989இல் முதலீட்டுப் பணம் குவிந்து கிரேடு போட்ட நாணயங்கள் உச்சத்துக்குப் போய் அடுத்த வருடமே சரிந்தபோது, சாதாரண வருடத்து எம்எஸ்-65களும் பலத்த அடி வாங்கின. 6 வருடக் கெடு வைத்திருக்கும் தகப்பனால் மீட்சிக்காகக் காத்திருக்க முடியாது. கல்லூரி பில் குறித்த தேதிக்கு வந்து நிற்கும்.

செலவுகளையும் சேர்த்துப் பாருங்கள். டீலர் விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. ஏலத்தில் வாங்குபவர் தலையில் சுமார் 20 சதவீதம் கூடுதலாக விழுவது சகஜம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகும். பங்குகளுக்கு உச்சம் 20. இடையில் வட்டியும் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது. 30,000 டாலரை 529 என்ற கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் வையுங்கள். கல்லூரிச் செலவுக்கு எடுக்கும்போது அதன் லாபத்துக்கு மத்திய வரி இல்லை.

நாணயத்துக்கு வருடம் 1,000 டாலர் ஒதுக்குங்கள், திரும்பி வராவிட்டாலும் வீடு ஆடாத பணமாக. பெட்டியில் அடைத்து வந்தாலும் சான்றிதழ் எண்ணை கிரேடு போட்ட நிறுவனத்தின் தளத்தில் அடித்து, படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. வேறு ஊரில் அச்சான 1893 நாணயத்தில் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் எஸ் எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுவது பழைய வேலை.

பெட்டியில்லாத நாணயம் கிடைத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள். நம் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிவிட்டோம். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் ஒரு நல்ல டாலரைப் பளபளக்க வைத்திருந்தது. மெல்லிய கீறல்கள் விழுந்து, எண் கிரேடே கிடைக்கவில்லை.

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். நாணயங்களுக்கு வழக்கமான வரம்பு 200 டாலர்தான். முதல் நாணயம் வீட்டுக்குள் வருமுன் தனிக் காப்பீடு கேட்டு வாங்குங்கள். பில்களை ஒரு கோப்பில் மகனையே அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். விற்கும் நாளில் வரிக் கணக்குக்கு அவைதான் வேண்டும்.