நடவுக்கு ஆளா, இயந்திரமா?

கேள்வி: எனக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக, 6 ஏக்கர் நஞ்சை உள்ளது. குறுவை, தாளடி என இரு போகமும் நெல் வைக்கிறேன். நடவுக் கூலி ஏறிக்கொண்டே போவதால், கடன் வாங்கி நடவு இயந்திரம் வாங்கிவிடலாமா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: கூலி ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஓர் ஏக்கரை நட்டு முடிக்க ஆளுக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். வட்டி, தேய்மானம், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இரு போகத்துக்கும் சேர்த்து 12 ஏக்கரே நடும் உங்களுக்கு, எரிபொருளும் ஓட்டுநர் சம்பளமும் சேர்வதற்கு முன்பே ஏக்கருக்கு 5,000 ரூபாய் விழுந்துவிடும். அதே இயந்திரம் அக்கம்பக்கத்து வயல்களுக்கும் போய் 60 ஏக்கர் நட்டால் அது 1,000 ரூபாயாகக் குறையும். ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்ததும் எல்லாரும் ஒரே சில வாரங்களில் நடுவதால், அந்த 60 ஏக்கரைப் பிடிப்பது எளிதன்று. மேலும், இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்காலும் (நாற்றைப் பாய்போல் பெயர்த்தெடுக்கும்படி வளர்ப்பது) சமப்படுத்திய வயலும் வேண்டும். ஐப்பசி மழையில் நீர் தேங்கும் பள்ள வயலில் அது சரியாக நடாது. ஆகவே இந்தக் குறுவைக்கு வாடகைக்கு அமர்த்திப் பாருங்கள். பிடித்திருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் சும்மா நிற்கும் நாளுக்கும் நாம் வட்டி கட்டுகிறோம். நடவாள் வேலையின்றி இருக்கும் நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆண்டு முழுவதும் சம்பளம் கிடைக்கும்போது, சில வாரமே வேலை தரும் வயலுக்கு ஆள் வர வேண்டுமானால் அந்த வாரங்களின் கூலி உயரத்தான் செய்யும். அதைப் பேராசை என்று பேசுவது எனக்கு ஏற்புடையதன்று.

கேள்வி: பெண்களுக்குக் குறைந்த கூலி தருவது விவசாயத்துக்கு உண்மையிலேயே லாபமா?
- நாகப்பட்டினம் வாசகி

பதில்: ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976 முதல் சட்டம். ஆண்கள் வரப்பு வெட்டுவது வேறு வேலை, பெண்கள் நடுவது வேறு வேலை என்று காரணம் காட்டியே வயலில் அது தட்டிக்கழிக்கப்படுகிறது. ஆண்கள் செய்த உழவுக்கு டிராக்டர் வந்து நெடுங்காலம் ஆன பின்னும் நடவு கைவேலையாகவே நின்றதற்குப் பெண்களின் மலிவான கூலியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. முதுகு ஒடியக் குனிந்து செய்யும் அந்த வேலைக்கு மாற்றுத் தேட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இப்போது இயந்திரம் வரும்போதோ, வேலையை இழப்பவர்கள் பெண்களாகவும் அதை ஓட்டிச் சம்பளம் பெறுபவர்கள் ஆண்களாகவும் இருக்கிறார்கள். எனவே இயந்திரம் வாங்கும் குழுக்கள், பாய் நாற்றங்கால் போடவும் இயந்திரம் ஓட்டவும் அதுவரை நட்டுவந்த பெண்களுக்கே முதலில் பயிற்சி அளித்து, ஓட்டுநருக்குரிய முழுச் சம்பளத்தையும் அவர்களுக்குத் தர வேண்டும்.