மருத்துவக் குறியீட்டுப் பட்டியலை வெளிச் சேவையிலிருந்து இம்போர்ட் பண்ணும்போது நூற்றுக்கணக்கில் எரர் வருகிறது. பிழை அவர்கள் பக்கமா, எங்கள் பக்கமா?

"கோப்பே பிழையாக வருகிறது என்று மேலிடம் சொல்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். ஆய்வுகூடப் பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கும் லொயின்க் பட்டியலை ஆய்வுகூட மென்பொருளில் ஏற்றுகிறீர்கள், பாதி ஏறுகிறது, பாதி ஏறவில்லை. நீங்கள் அங்கே புதிதாகச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இந்த வேலை எப்போதும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும்.

சேவையைக் குற்றம் சொல்லுமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: தரவிறக்கிய கோப்பு உங்கள் கைக்கு வருமுன் யாராவது அதை எக்ஸலில் திறந்து சேவ் பண்ணினார்களா?

என் கதை 2022இல் நடந்தது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை, பெயர் வேண்டாம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். கணினிப் பிரிவு வைத்தியசாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தது, ஜெனரேட்டர் லைன் அங்கே வராது. லொயின்க் பட்டியலை ஏற்றினேன், 214 எரர். கரண்ட் இடையில் போனதால் என்றார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி ஏற்றினேன், 214. இரவு இரண்டு மணிக்கு ஏற்றினேன், 214. நான்காம் முறையும் அதே 214. கரண்ட் போய் அறுந்த வேலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில்தான் அறும். ஒரே எண்ணிக்கை திரும்பத் திரும்ப வந்தால் குறை கோப்புக்குள் இருக்கிறது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேலிடத்தில் இருந்தவர் "வெளிநாட்டுக்காரன் இலவசமாகத் தருவது இப்படித்தான் இருக்கும்" என்று கூட்டத்தில் சொன்னார், நானும் தலையாட்டினேன். லொயின்க் 1994இலிருந்து இண்டியானாபொலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் நடத்துவது. உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் பாவிக்கும் பட்டியலில் சீ.ஆர்.பி என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை விடுபட்டுப் போயிருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

கண்டுபிடித்தது நான் இல்லை. லாப்பில் பயோகெமிஸ்ட்ரி பார்க்கும் அக்கா ஒருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர், போன் எடுத்தார். "தம்பி, எஸ்.ஜி.பி.டி வருது, எஸ்.ஜி.ஓ.டி வரேல்லை. ரெண்டும் ஒரே டியூப் இரத்தம்தானே, ஒண்டு எப்பிடி வரும், மற்றது எப்பிடி வராமப் போகும்?"

இரண்டும் ஈரல் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் ஏறியதையும் ஏறாததையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதினேன். ஏறியவை: எஸ்.ஜி.பி.டி 1742-6, ஹீமோகுளோபின் 718-7, பிளேட்லெட் 777-3. ஏறாதவை: எஸ்.ஜி.ஓ.டி 1920-8, மொத்த பிலிரூபின் 1975-2, நேரடி பிலிரூபின் 1968-7, சீ.ஆர்.பி 1988-5. ஏறாத பக்கத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். 1920, 1975, 1968, 1988. எல்லாம் ஆண்டுகள். கோடுக்குப் பின்னால் இருப்பது மாதம். எங்கள் கோப்பை நோட்பேடில் திறந்தேன். சீ.ஆர்.பி இருக்க வேண்டிய வரியில் மே-88 என்று இருந்தது. எக்ஸலுக்கு 1900க்கு முந்திய திகதி தெரியாது, அதனால் 1742 தப்பியது. ஈரலுக்கான ஒரே பனலில் (சேர்த்துச் செய்யும் பரிசோதனைத் தொகுதியில்) ஒன்று பிழைத்து மற்றது செத்ததற்கு அதுதான் காரணம். தரவிறக்கிய சிப் (zip) கோப்பில் தொடாமல் கிடந்த மூலத்தில் 1988-5 சுத்தமாக இருந்தது. நமக்கு வேண்டாத வரிகளை வெட்டிச் சிறிதாக்கித் தருகிறேன் என்று மேலிடத்தில் இருந்தவரே கோப்பை எக்ஸலில் திறந்து சேவ் பண்ணியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை.

214இல் எனக்கு மிஞ்சிய உண்மையான பிழை 61. மற்றவை அவற்றின் வால். குறியீடு ஏறாவிட்டால் அதைக் குறிப்பிடும் பனலும், நம் பெயரோடு குறியீட்டை இணைக்கும் மேப்பிங்கும் ஏறாது, ஒவ்வொன்றும் லொக்கில், அதாவது பிழைப் பதிவில், தனித்தனியே கத்தும். ஓப்பன் கொன்செப்ட் லாப் என்ற குறியீட்டுச் சேவையிலிருந்து ஓப்பன்.எம்.ஆர்.எஸ் என்ற நோயாளிப் பதிவு மென்பொருளுக்குள் அகராதி இறக்குபவர்களுக்கும் இதே கதைதான். அதனால் லொக்கை மேலிருந்து வாசியுங்கள். கடைசி எரரைத் தூக்கிக்கொண்டு தேடப் போகாதீர்கள்.

கெட்ட கோப்பைத் திருத்தவும் முயலாதீர்கள். நான் முயன்றேன். குளுக்கோஸ் 2345-7 எங்கள் கோப்பில் ஜூலை-45 என்று கிடந்தது. 1945-7ஐயும் எக்ஸல் அப்படித்தான் காட்டும். சீ.எஸ்.வியாக, அதாவது வெறும் எழுத்துக் கோப்பாக, சேவ் பண்ணினால் கண்ணுக்குத் தெரிந்த எழுத்துதான் கோப்பில் எழுதப்படும், நூற்றாண்டு போய்விடும். மூலத்திலிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வழி இல்லை. எக்ஸல் கட்டாயம் வேண்டுமென்றால் இரட்டைக் கிளிக் பண்ணாமல் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, குறியீட்டு நிரலை டெக்ஸ்ட் என்று குறித்த பிறகு திறவுங்கள்.

"எக்ஸல் தெரியாதவன் எக்ஸலைத் திட்டுகிறான்" என்று யாராவது வருவார்கள். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை எக்ஸல் திகதியாக மாற்றுகிறது என்பதற்காக மாற்றிவைத்தது. அவர்களும் தெரியாதவர்களா? "எஃப்.எச்.ஐ.ஆர் சேர்வரோடு நேரே பேசினால் இந்தத் தொல்லை இல்லை" என்பவர்களுக்கும் (எஃப்.எச்.ஐ.ஆர் என்பது மருத்துவத் தரவைக் கணினிகள் தமக்குள் பரிமாறும் தரம்): சரி, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சேர்வர் பக்கம் பக்கமாகத்தான் தரும். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு இம்போர்ட் வெற்றி என்று பச்சை காட்டிய புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் பயம் கத்தாத பிழைக்குத்தான். நோய்களுக்கும் மற்ற மருத்துவச் சொற்களுக்கும் எண் தரும் ஸ்னோமெட் சீ.டீ பட்டியலில் எண் 18 இலக்கம் வரை போகும், எக்ஸல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும், மிச்சத்தைப் பூச்சியமாக்கும். அது திகதிபோலக் கண்ணில் குத்தாது, எண்ணாகவே இருக்கும். எங்கள் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டது. ஸ்னோமெட்டிலும் லொயின்க்கிலும் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 1988க்கு 5 வருவது கணக்குப்படி, சும்மா ஒட்டியது இல்லை. ஏற்றுமுன் அதைச் சரிபார்க்கச் சின்ன புரோகிராம் ஒன்று எழுதிவையுங்கள். ஒரு பின்னேர வேலை. நோயாளியின் பதிவில் பிழையான நோய் உட்காருவதைவிட நூறு எரர் மேல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை மனதில் வைத்திருக்க எனக்கு முடியவில்லை. அதே கோப்பில் பரிசோதனைகளின் சிங்களப் பெயருக்கு ஒரு நிரலும் தமிழ்ப் பெயருக்கு ஒரு நிரலும் இருந்தன. தமிழை நான் மூன்று மாதமாக வேலை முடிந்து இருந்து எழுதினேன். வெள்ளவத்தைக் கவுண்டரில் ஒரு அம்மா றிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதில கொழுப்பு எது மகன்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டதைப் பார்த்துத் தொடங்கிய வேலை அது. எழுத்துக் குறிமுறை யூ.டி.எஃப்-8 என்று தெரியாமல் எக்ஸல் திறந்ததில் இரண்டு நிரலும் கோழி கிளறியதுபோல ஆகிவிட்டன. சிங்களம் இரண்டு நாளில் திரும்ப ஏறியது. தமிழுக்கு "அடுத்த வேர்ஷனில் பார்ப்போம்" என்றார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. தனியார் இடத்துக்கு அது கட்டாயமில்லை என்று எனக்கும் தெரியும், யாரும் வந்து சட்டம் படிப்பிக்க வேண்டாம். ஆனால் அந்த அம்மாவும் சிங்கள நோயாளி கட்டும் அதே காசைத்தான் கட்டுகிறார்.

கடைசியில் யூனிக்கோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிவைத்திருந்த பழைய பட்டியலை யூனிக்கோட்டுக்கு மாற்றி நானே ஏற்றினேன். அதில் இன்னொரு பிழை வந்தது: கொழுப்பு என்ற பெயர் இரண்டு தரம் ஏறியிருந்தது, மென்பொருள் அவற்றை வேறு வேறு என்றது. ஒன்றில் 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியீடு, மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி. திரையில் இரண்டும் ஒன்றுதான். தமிழ்ப் பெயர் ஏற்றுவதாக இருந்தால் முதலில் ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும் என்.எஃப்.சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

உங்கள் லொக்கின் முதல் பத்து வரியையும், ஏறாத குறியீடுகளில் ஐந்தையும், ஏறியவற்றில் ஐந்தையும் இங்கே போடுங்கள். நோயாளி விவரம் இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள். இரவு பார்த்துச் சொல்கிறேன்.