134/84: அமெரிக்காவில் பிரஷர், லண்டனில் இல்லையா?

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 134/84, டல்லாஸ் டாக்டர் 'பிரஷர்' என்றார், லண்டன் டாக்டர் இல்லை என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே தப்பில்லை, எதற்கு மேல் 'பிரஷர்' என்று சொல்லும் கோடுதான் வேறு. அமெரிக்க வழிகாட்டி 2017இல் கோட்டை 130/80க்கு இறக்கியது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டி வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85 என்று வைத்திருக்கிறது. அமெரிக்கா கோட்டை இறக்கியதற்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று, அழுத்தத்தை எவ்வளவு குறைப்பது நல்லது என்று பார்த்து 2015இல் வந்த ஸ்பிரின்ட் (SPRINT) ஆய்வு. அதில் நோயாளியை ஓய்வாக உட்காரவைத்து, கருவியே தானாக அளந்தது. பரபரப்பான கிளினிக்கில் எடுக்கும் அளவு பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டில் 7 நாள் பாருங்கள்: காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. முதல் நாளைக் கழித்துவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும். அப்பாவுக்குப் பருத்த கை என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

அந்த அளவுகளை எழுதிய நோட்டோடு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருந்தால் முதலில் சொல்லுங்கள். இந்த அளவுக்கு உடனே மாத்திரையா என்பதை அமெரிக்காவிலும் அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டால், நீங்களாக நிறுத்தாதீர்கள்.