பேட்டரி புதுசு, சார்ஜ் மட்டும் ஏறவில்லை: பழைய டூரிங் பைக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய தண்டர்பேர்டு, புல்லட் வண்டிகளின் எலெக்ட்ரிகல் தொல்லை பற்றியவை. 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பதில் எழுதியிருக்கிறோம். மீட்டர் இல்லாமல் சார்ஜிங் கோளாறு பார்ப்பது, தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது மாதிரி.

என்னுடையது 2010 மாடல் தண்டர்பேர்டு 350. பேட்டரி மாற்றி நான்கு மாதம்கூட ஆகவில்லை, காலையில் செல்ஃப் சுற்ற மறுக்கிறது. ஆர்.ஆர். யூனிட்டையும் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்: ஏ.சி.யை டி.சி.யாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது) மாற்றியாகிவிட்டது. இப்போது ‘மேக்னட் காயில் போய்விட்டது, இன்ஜினைத் திறக்கணும்’ என்கிறார் மெக்கானிக். திறக்கலாமா?
– திண்டுக்கல் வாசகர்

இன்னும் திறக்க வேண்டாம். முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து முழுசாகச் சார்ஜ் போடுங்கள். 14 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 1.4 ஆம்பியர் போதும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காரின் பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சார்ஜரை எடுத்துவிட்டு நாலைந்து மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழுசாக ஏற்றிய பிறகும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. அதை வைத்துக்கொண்டு மேலே சோதிப்பது வீண்.

பேட்டரி நன்றாக இருந்தால் மாட்டிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், வயர் முனையிலுள்ள லக்கில் (உலோக வளையம்) அல்ல. ஐடிலில் 13 வோல்ட் அருகில் நிற்கும். 3000 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வண்டியில் டேக்கோமீட்டர் (ஆர்.பி.எம். காட்டும் மீட்டர்) இல்லையென்றால், மூன்றாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது என்ன சத்தம் கேட்குமோ, கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வரும் அளவுக்கு ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும். 12.5-லேயே நின்றுவிட்டால் அல்லது ஹெட்லைட் போட்டதும் மெல்ல இறங்கினால், சார்ஜ் வரவில்லை.

வராததற்குக் காரணம் மூன்று இடத்தில்தான் இருக்கும்: இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில், ஆர்.ஆர். யூனிட், இரண்டுக்கும் நடுவிலுள்ள கனெக்‌ஷன். கடைகளில் முதலிரண்டை மாற்றுவார்கள். மூன்றாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் அங்கே தொடங்குங்கள். இன்ஜின் கவரிலிருந்து மேலே வரும் காயில் வயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) வரும். அதைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஓரிடத்தில் மட்டும் டீக்கறை நிறத்தில் பழுத்திருக்கும். அந்தத் துளையிலுள்ள பித்தளை முனை மினுமினுப்பு போய், நீலமும் கருப்புமாக இருக்கும். ஆண் முனையைச் செருகினால் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மழைத் தண்ணீரும் அதிர்வும் வருடக்கணக்கில் செய்யும் வேலை இது. எந்த வண்டிக்கும் வரும். 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.2 ஓம் தடை உண்டானால் அங்கே 20 வாட் சூடு பிறக்கும். சின்னச் சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கப்ளருக்குள் செருகி வைத்த மாதிரி. சூட்டில் முனை தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும்.

கருகிய கப்ளரைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவதில் பயனில்லை. வயரை வெட்டிக்கொண்டே போய் உள்ளே செம்பு சிவப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. புதுக் கப்ளர் போடலாம். அல்லது வயர்களை நேரடியாகக் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடலாம். இன்சுலேஷன் டேப் வேண்டாம், இன்ஜின் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

கப்ளர் சுத்தமாக இருந்தால் மட்டும் அடுத்தது. கப்ளரைப் பிரித்தபடியே வைத்து இன்ஜினை ஓட விட்டு, மீட்டரை ஏ.சி. 200 வோல்ட்டில் வையுங்கள். ஒரே நிறத்தில் மூன்று வயர் வந்தால் அது மூன்று ஃபேஸ் காயில்: முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், முதலாவதும் மூன்றாவதும் என மூன்று முறை அளங்கள். எண் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்றும் சமமாக இருக்கிறதா, வேகம் கூடக் கூட ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயிலின் வார்னிஷ் எரிந்து எர்த் ஆகியிருக்கிறது, அப்போது இன்ஜின் கவரைத் திறக்கத்தான் வேண்டும். மூன்றும் சமம், எர்த்தும் இல்லை என்றால் காயிலைத் தொடாதீர்கள்.

மீதி ஒன்று. கப்ளரை மாட்டி, ஹெட்லைட் போட்டு, 3000 ஆர்.பி.எம்.மில் ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட் அளங்கள். 0.2-க்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ ஒரு தடையில் வோல்ட் இழக்கிறது. ஃபியூஸ் ஹோல்டரைச் சந்தேகியுங்கள். அதேபோல நெகட்டிவ் பக்கமும். ஆர்.ஆர். பாடி, பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் எர்த் கிடைக்காது. இந்த இழப்பைச் சேர்த்துத்தான் ஆர்.ஆர். தன் முனையில் 14 வோல்ட்டைப் பார்க்கிறது. ‘போதும்’ என்று அது நிறுத்திக்கொள்ளும். பேட்டரிக்கோ 13 தான் போய்ச் சேரும். புது ஆர்.ஆர். மாட்டியும் பலன் இல்லாமல் போவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

55 வாட் ஃபாக் லாம்ப் இரண்டு போட்டிருக்கிறேன். கொல்லிமலை இரவில் ஏறி மேலே போய் நிறுத்தினால், திரும்ப ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. சமவெளியில் தொல்லை இல்லை.
– சேலம் வாசகர்

எழுபது கொண்டை ஊசி வளைவு, முழுக்க முதல், இரண்டாம் கியர். காயில் தரும் மின்சாரம் இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது; வளைவுக்கு வளைவு அது இறங்கிவிடுகிறது. நீங்கள் அங்கே கேட்பதோ, நெடுஞ்சாலையில் கேட்பதைவிட அதிகம். ஃபாக் லாம்ப் மட்டும் 110 வாட், அதாவது 8 ஆம்பியர். ஹெட்லைட் 55 அல்லது 60 வாட், டெயில் லாம்ப் 5, வளைவுக்கு வளைவு பிரேக் லைட் 21, ஹாரன், இக்னிஷன் எல்லாம் தனி. பற்றாக்குறை 4 ஆம்பியர் என்றே வைத்தாலும், இரண்டு மணி நேரத்தில் 14 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. செல்ஃபைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அது 100 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடிதான். கணக்குப் பார்த்தால் 0.1 ஆம்பியர்-அவர்கூட ஆவதில்லை.

ஃபாக் லாம்ப்பை எல்.இ.டி.க்கு மாற்றுங்கள். 20 வாட் இரண்டு என்றால் 3 ஆம்பியரோடு முடியும். ஹெட்லைட்டில் 100/90 பல்ப் போட்டிருந்தால் அதையும் இறக்குங்கள். சட்டப்படியும் தவறு, சுவிட்ச்சும் ஹோல்டரும் உருகும்.

வயரிங் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வழியாக இருக்கட்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை; 87-லிருந்து லாம்ப்; 86-க்குச் சுவிட்ச்; 85 எர்த். எல்.இ.டி.க்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், பழைய ஹாலஜனே இருந்தால் 15. சுவிட்ச் வயரை இக்னிஷன் சாவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள், சாவி எடுத்ததும் தானாக அணையும்.

‘லைட் போடாமல் ஓட்டினால் காயிலுக்கு ஓய்வு’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. பழைய பைக்குகளில் பெரும்பாலும் இருக்கும் ஷன்ட் வகை ஆர்.ஆர்.-க்கு அது பொருந்தாது. மிச்ச மின்சாரத்தை அது காயிலுக்குள்ளேயே ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது. காயில் எப்போதும் கிட்டத்தட்ட முழு வேலைதான் செய்கிறது. சூடாவது ஆர்.ஆர்.-உம்தான். அதன் ரெக்கைகளில் சேறு அப்பியிருந்தால் கழுவுங்கள், டூல் பையை அதன்மேல் திணிக்காதீர்கள்.

பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரை மாற்றணுமா?
– கோவை வாசகர்

பட்டனை அமுக்கியபடி பேட்டரிக் கம்பத்தில் அளங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி. 12 அப்படியே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. அப்போது செல்ஃப் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அளங்கள்: அமுக்கும்போது 0.3-க்குள் வர வேண்டும், 12 காட்டினால் உள்ளே கான்டாக்ட் எரிந்துவிட்டது. ரிலே சரி என்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ், இன்ஜின் எர்த் வயர்.

பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃபைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். மெதுவாகச் சுற்றும் பெரிய ஒற்றை சிலிண்டர் பின்னால் உதைக்கும். அந்த உதை, செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச்சில் விழும். அதை மாற்றும் செலவில் நல்ல பேட்டரியே வாங்கிவிடலாம். கிக்கர் இருக்கிறதல்லவா, அதை உபயோகியுங்கள்.

பத்து நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி செத்துவிடுகிறது. ஓடும்போது 14.2 வோல்ட் வருகிறது.
– நாகர்கோவில் வாசகர்

சார்ஜிங் நன்றாக இருக்கிறது, நிற்கும்போதுதான் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கம்பத்துக்கும் வயருக்கும் நடுவே கோத்துவிடுங்கள். எண் சிறியதாக வந்தால் மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். இந்த நிலையில் சாவி போடவோ செல்ஃப் அமுக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் சில மில்லி ஆம்பியர் ஓடுவது சகஜம். 50 ஓடினால், முழு 14 ஆம்பியர்-அவரும் 280 மணி நேரத்தில், அதாவது பன்னிரண்டே நாளில் காலி. உங்கள் பத்து நாள் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைன். திருட்டு அலாரமும் ஜி.பி.எஸ். டிராக்கரும் முதல் சந்தேகம். எந்த ஃபியூஸுக்கும் அசையவில்லை என்றால் ஆர்.ஆர்.-இன் கப்ளரைப் பிரியுங்கள். உள்ளே டயோடு கசிந்தால் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாது.

பேட்டரியில் தண்ணீர் வாரா வாரம் வற்றுகிறது, அழுகிய முட்டை வாசனை வேறு. ஹெட்லைட் பல்ப் இரண்டு போய்விட்டது.
– மதுரை வாசகர்

ஓவர்சார்ஜ். 3000 ஆர்.பி.எம்.மில் 15 வோல்ட்டைத் தாண்டும், பாருங்கள். ஆர்.ஆர். வாங்குவதற்கு முன் ஒன்று: சில வகைகளில் இக்னிஷன் சாவி வழியாக ஒரு மெல்லிய வயர் ஆர்.ஆர்.-க்கு வந்து பேட்டரியின் நிலையைச் சொல்லும். சாவிக்குள் கான்டாக்ட் தேய்ந்திருந்தால் அந்த வயரில் ஒரு வோல்ட் குறைவாகக் காட்டும்; ஆர்.ஆர். அதை நம்பி ஒரு வோல்ட் கூட்டிக் கொடுக்கும். அந்த வயருக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பேட்டரி லக் தளர்ந்திருந்தாலும் பல்ப் போகும்.

வற்றிய செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. அந்த வாசனை இருக்கும்போது பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி வேண்டாம்; பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் வருகிறது. மூடியே திறக்காத வகைப் பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

என் 1996 புல்லட்டில் ஐடிலில் அம்மீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் பள்ளத்தில் இறங்கினால் வண்டியே மொத்தமாக அணைந்து, தானாக உயிர் வருகிறது.
– தஞ்சாவூர் வாசகர்

முதலாவது கோளாறே இல்லை. பாயின்ட் (இக்னிஷன் மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் கான்டாக்ட்) மூடும்போது இக்னிஷன் காயில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கிறது, திறக்கும்போது விடுகிறது. ஐடிலில் முள் அதைத்தான் காட்டுகிறது. வேகம் ஏறினால் ஆட்டம் நின்று மெல்லப் பிளஸ் பக்கம் சாயும். சாவி போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வந்தால் பாயின்ட் திறந்துவிட்டது, டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) இழுத்துக் கொஞ்சம் தாண்டி உதைக்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் இதே முள்தான். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வண்டியை நிறுத்திச் சாவியை மறந்துவிட்டால், பாயின்ட் மூடிய நிலையில் அந்த 3 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், இக்னிஷன் காயிலும் கொதிக்கும்.

இரண்டாவதுக்கும் அம்மீட்டரையே பாருங்கள். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. ஹெட்லைட்டைக் கழற்றிக் கூட்டுக்குள் கை விட்டால், அம்மீட்டரின் பின்னால் இரண்டு போல்ட். ஏதாவது ஒன்றில் லக் விரலால் அசைத்தாலே ஆடும். லக்கை உரசிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே ரப்பர் மூடி மாட்டுங்கள். ஸ்பேனர் எடுக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சின்ன இடத்தில் ஸ்பேனரின் வால் கூட்டில் படாமல் திருப்ப முடியாது. பட்டால், ஃபியூஸ் போடாத பழைய வண்டியில் வயரிங் கிட் முழுதும் புகைந்துவிடும்.