மஞ்சளைக் கண்டதும் விடும் கை: வில் பழகுகிறவர்களின் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் திடலில் வில் பழகும் பிள்ளைகளும் பெற்றோரும் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை.

மாஸ்டர், குறி சரியாகத்தான் பார்க்கிறேன். அம்பெல்லாம் இடப்பக்கமே போகிறது.

கூடி விழுகிறதா, சிதறி விழுகிறதா? கூடி விழுந்தால் நல்ல சேதி தம்பி. சைட்டை, அதாவது வில்லில் பொருத்தியிருக்கும் குறிபார்க்கும் கருவியை, அம்பு போன இடப்பக்கமே நகர்த்து. சிதறினால் சைட்டைத் தொடாதே, பிடியைக் கவனி. கைப்பிடி கட்டைவிரலின் அடிச்சதையில் உட்கார வேண்டும், மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் விடும் நொடியில் வில் திரும்பிவிடும். கீழே விழுமோ என்று பயமா? ஃபிங்கர் சிலிங், விரல்களில் மாட்டி வில்லைத் தாங்கும் கயிறு, அதற்குத்தான் இருக்கிறது.

ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே போகிறது.

நாணை இழுத்து நிறுத்தும் இடம் மாறுகிறது. நாண் மூக்கு நுனியையும் தாடையையும் தொடுகிறதா, ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்.

மகளுக்குப் பத்து வயது. எத்தனை பவுண்டு வில் வாங்கலாம்?

பவுண்டு என்பது வில்லின் எடை இல்லை, நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. பத்து, பன்னிரண்டு பவுண்டு போதும் அக்கா. அண்ணனுடைய வில்லைக் கொடுத்துவிடாதீர்கள். பாரம் தாங்காமல் தோளைத் தூக்கப் பழகிவிட்டால் அதை மாற்றுவதற்குள் நம் உயிர் போய்விடும்.

சைட் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளைத் தொட்டதும் கை தானாக விட்டுவிடுகிறது. என்ன செய்வது?

இது நன்றாக எய்கிறவர்களுக்கும் வருவதுதான். மஞ்சளைப் பார்ப்பதும் விடுவதும் மனதில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. முடிச்சை அவிழ்க்க வேண்டும். இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, நாலைந்து மீட்டரில் வெறும் பலகையில் எய். தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர்வதை மட்டும் கவனி. விரலை நீ திறக்காதே, முதுகு இழுத்துக்கொண்டே இருக்கும்போது விரல் தளர்ந்தால் நாண் தானாகப் போகும். அப்புறம் தாளை மாட்டி, மஞ்சளில் சைட்டை வைத்து, எய்யாமல் மெதுவாக இறக்கு. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'பார்த்தாலும் விட வேண்டியதில்லை' என்று கைக்குச் சொல்லித்தர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அம்பை முழுதாக இழுத்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும் கிளிக்கர் சிலருக்கு உதவும், சிலர் அந்தச் சத்தத்துக்கே பதறுவார்கள்.

சைட் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். அதற்குள் அசையாமல் நிறுத்தப் பார்த்தால் கை இன்னும் நடுங்கும்.

போட்டியில் படபடப்பு?

நேருக்கு நேர் மோதும் சுற்றில், மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 விநாடி. மூச்சைப் பாதி விட்டு நிறுத்த அது தாராளம். புள்ளியைக் கூட்டும் வேலையை அப்பாவிடம் விடு.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுப் பழகலாமா?

கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். இழுத்தால், மெதுவாக இறக்கு.